டிரங்குப் பெட்டியில் தேடிய கேஸ்

ஆடு திருடினவனைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் திருடினவனைப் பார்த்திருக்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து பம்ப்செட் மோட்டாரையே கழற்றிக்கொண்டு போனவனும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் காரின் ஏ.சி. மிஷினுக்குள் இருக்கிற கேஸைத் திருடிவிட்டான் என்று ஒரு மனிதனை வேலையை விட்டுத் துரத்தியதை எழுபத்திநாலாம் வருசம் பங்குனி மாதத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன். திருடினவன் டிரைவர் சூசையப்பனாம். திருட்டுச் சாமானை வாங்கினவன் நானாம்.

என் பேர் குப்பண்ணன். கஞ்சிக்கோட்டில் ரோட்டோரத்து ஐஸ் பேக்டரியில் மிஷின் பார்க்கிறேன். அதற்கு முன்னால் கோயமுத்தூரில் ஒன்பது வருசம் பிரிட்ஜும் ஏ.சி.யும் ரிப்பேர் செய்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஐஸ் பேக்டரியில் ஓடுவது அமோனியா. காரில் இருப்பது ஃப்ரியான். அமோனியா ஒரு மூச்சு வெளியே வந்தால் ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவன்கூடக் கண்ணைக் கசக்குவான். ஃப்ரியானுக்கு வாசனையே கிடையாது. ஒன்று ஓடுகிற மிஷினில் இன்னொன்றை விட்டால் மிஷின் நாசம். போதாததற்கு, அந்தக் காரில் இருக்கிற கேஸ் மொத்தமே நாலு ராத்தல். அதை வாங்கி நான் எந்தக் கோட்டையைக் கட்டப் போகிறேன்? இதைச் சொன்ன மனிதருக்கு ஐம்பது ஏக்கர் பூமி இருக்கிறது. இவ்வளவுகூடத் தெரியவில்லை.

அந்த மனிதர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஈஸ்வரமூர்த்தி. பண்ணாடி என்றுதான் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கூப்பிடுவோம். ஏலப்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் தொரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போன காரை மார்கழியில் வாங்கிக்கொண்டு வந்தார். அமெரிக்கக் கார். பத்து வருசப் பழசு, ஆனால் பந்தயக் கார் மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மொத்தமே இரண்டு சீட்டு. ஒன்று டிரைவருக்கு, ஒன்று பண்ணாடிக்கு. அவர் சம்சாரம் சரஸ்வதியம்மாள் கோயிலுக்குப் போவதென்றால் பழையபடி பஸ்தான். ஸ்டீயரிங் இடது பக்கத்தில் இருந்ததால் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற பண்ணாடிதான் வண்டியை ஓட்டுகிறார் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். அதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

ஏலப்பாறைக் குளிரில் எவன் ஏ.சி. போடுவான்? தொரை அந்தச் சுவிட்சைத் தொட்டதேயில்லை. பண்ணாடி மார்கழிக் காற்றிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் போனார். அந்த வருசம் வடகரப்பதிப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். பெட்ரோல் விலை ஏறிக் கிடந்தது. அதற்கு நடுவில் ஒரே ஒரு மனிதரின் மூஞ்சிக்குக் குளிர்காற்று. சரி, அவர் காசு, அவர் மூஞ்சி, எனக்கென்ன என்று இருந்தேன்.

காரோடு அதன் டிரைவரும் ஏலப்பாறையிலிருந்து வந்தான். அவன்தான் சூசையப்பன். பொண்டாட்டி பிள்ளைகள் அங்கே எஸ்டேட் லயத்து வீட்டில். இவன் இங்கே பண்ணாடி வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பாயும் டிரங்குப் பெட்டியுமாகக் கிடந்தான். மலையில் வளர்ந்தவனுக்குப் பாலக்காட்டு வெயில் ஆகவில்லை. கஞ்சிக்கோடு வழியாக வண்டி வந்தால் ஐஸ் பேக்டரி வாசலில் ஒரு நிமிசம் நிறுத்தாமல் போகமாட்டான்.

"இங்கன வந்து நின்னா எங்க ஊரு மாதிரியே இருக்கு அண்ணாச்சி" என்பான். ஐஸ் பாளம் இறக்குகிற கதவுப் பக்கத்தில் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பான். அப்புறம் ஒரு டீ, அவ்வளவுதான் எங்கள் சகவாசம். இதைத்தான் கேஸ் வியாபாரம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். தை மாதம் திடீரென்று ஏ.சி. குளிரவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவன் பார்க்காமலேயே, கேஸ் போய்விட்டது என்றான். இருந்ததை வெளியே விட்டு, புதுசாக ஏற்றி, பெல்ட்டை மாற்றி, இன்ஜினைப் பெட்ரோலில் துடைத்துக் கொடுத்தான். குளிர்ந்தது. மாசியில் மறுபடி நின்றது. மறுபடி அதே வைத்தியம். பங்குனியில் மூன்றாவது தடவை நின்றபோது அவன் வண்டியைத் தொடாமலேயே சொன்னானாம்: "கேஸ் தானாப் போகாதுங்க. யாரோ எடுக்கறாங்க." தன் வேலையில் குறை என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? பழியைத் தூக்கிக் காற்றில் எறிந்தான். அது சூசையப்பன் தலையில் விழுந்தது.

பண்ணாடி வீட்டுக்கு வந்ததும் வாசலில் ஆட்களைக் கூட்டினார். கடலைக்காய் பறிக்க வந்த நாற்பது பேர். அவர்கள் எல்லோர் முன்னாலும் சூசையப்பனின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அவரே திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டுத் தேடினார். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, பொண்டாட்டி போட்டோ, ஜெபமாலை, பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கேஸைத் தேடினாராம் ஐயா! கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிக்க முடியாத கேஸை டிரங்குப் பெட்டிக்குள் தேடிய மனிதரை எந்த நாட்டிலாவது கேள்விப்பட்டதுண்டா? அந்த நாற்பது பேரில் ஒருத்தனாவது, ஏனுங்க பண்ணாடி, கேஸ் பெட்டிக்குள்ள இருக்குமுங்களா என்று கேட்டானா? வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

சூசையப்பன் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, உடுத்திய துணியோடு நடந்து என்னிடம் வந்தான். பதினைந்து மைல். வந்தவன் அழவில்லை, திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அண்ணாச்சி, வர்ற வழியில ஒயர் கம்பெனியில கேட்டேன். அடுத்த திங்கக்கெழம லாரி டிரைவர் வேலைக்கு வரச் சொல்லியிருக்காக. முன்னால வேல பாத்த எடத்துல இருந்து நல்ல சர்டிபிகேட்டு வேணுமாம். தொரை போயிட்டாக. இவுகதான் தரணும். திருடன்னு வெரட்டுனவுக எங்கிட்டுத் தருவாக? அது இல்லைன்னா பொழப்பு போச்சு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைத் திருட்டு வியாபாரி என்றதுகூடப் பெரிதில்லை. தொழில் தெரியாதவன் ஒருத்தன் உளறினான், தொழிலே பார்க்காதவர் ஒருத்தர் தீர்ப்புச் சொன்னார், நடுவில் வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவன் தெருவில் நிற்கிறான். வாரம் முழுக்கப் பொறுமினேன். என் வீட்டுக்காரி முத்தாத்தாள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "ஊட்டுல உக்காந்து எங்கிட்டக் கத்தி என்ன ஆகுமுங்க? போயி அவுங்ககிட்டக் கத்துங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பிரஷர் கேஜும் ஸ்பானரும் பையில் போட்டுக்கொண்டு சூசையப்பனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் பண்ணாடி வீட்டுக் கேட்டுக்கு உள்ளே வரமாட்டேன் என்று புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டான்.

பண்ணாடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானதால் பறிப்பு ஆட்கள் யாரும் இல்லை. மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த கருப்புசாமி ஒருத்தன்தான் இருந்தான்.

"என்னப்பா குப்பண்ணா, வாங்கின கேஸைத் திருப்பிக் குடுத்துப்போட்டுப் போலாம்னு வந்தயா?" என்றார்.

"ஏனுங்க பண்ணாடி, கேஸ் போச்சுதா இல்லியான்னு மொதல்ல பாப்போமுங்க. போயிருந்துச்சுன்னா என்னைய இந்தக் கம்பத்துல கட்டி வெச்சுப்போட்டுப் போலீசைக் கூப்புடுங்க. நான் எங்கயும் ஓடலீங்க" என்றேன்.

பானெட்டைத் திறந்து கேஜ் குழாயை மாட்டினேன். முள் ஏறி நூறைத் தாண்டி நின்றது. பண்ணாடியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது எங்க நிக்குதுங்க?"

"நூறுக்கு மேல நிக்குது. அதுக்கு?"

"கேஸே இல்லீன்னா இது சைபர்ல படுத்துக் கெடக்கோணுமுங்க. உள்ள கேஸ் இருக்குது. எவனும் எடுக்கலீங்க. ஒர்க்‌ஷாப்காரன் இந்தக் கேஜை மாட்டிப் பாத்தானுங்களா?"

பார்த்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். கேஸ் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஏன் குளிரவில்லை என்று யோசிக்க வேண்டுமே, யோசிக்கிறது கஷ்டமான வேலை. இன்ஜினை ஓட்டி ஏ.சி. சுவிட்சைப் போடச் சொன்னேன். கருப்புசாமிக்கு அதெல்லாம் தெரியாது, பண்ணாடிக்கும் தெரியாது. மூன்று மாதமாக அந்தக் காற்றை வாங்குகிறவருக்குச் சாவி எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. நானே உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

கேஸை அழுத்துகிற கம்ப்ரசருக்கு முன்னால் ஒரு சக்கரம் உண்டு. இன்ஜின் ஓடும்போதெல்லாம் பெல்ட் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சும்மா சுற்றுகிற சுற்று. ஏ.சி. சுவிட்சைப் போட்டால்தான் காந்தம் முன்னால் இருக்கிற தட்டை இழுத்துச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடிக்கும். தட்டு சுற்றினால்தான் கம்ப்ரசர் சுற்றும், கம்ப்ரசர் சுற்றினால்தான் குளிரும். இங்கே காந்தம் டக்கென்று பிடித்தது. ஆனால் தட்டு வழுக்கியது. கிறீச்சென்று ஒரு சத்தம். கூடவே ஒரு வாடை வந்தது. எனக்கு முன்னால் கருப்புசாமிதான் மூக்கைத் தூக்கினான்.

"என்னுங்க இது, வெளக்கெண்ணெ காயற வாசம் வருது!"

இன்ஜினை நிறுத்தி விரலை விட்டுப் பார்த்தேன். சந்தேகமேயில்லை. தட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில், ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாத இடத்தில், பிசுபிசு என்று விளக்கெண்ணெய். பெல்ட்டிலும் அதே. மூன்று மாதத்துக் குழப்பமும் அந்த ஒரு விரலில் தெளிந்தது. ஒர்க்‌ஷாப்காரன் முதல் இரண்டு தடவையும் பெல்ட்டை மாற்றி எல்லாவற்றையும் பெட்ரோலில் துடைத்தானே, அதனால்தான் குளிர்ந்தது. கேஸை ஏற்றினதால் குளிர்ந்தது என்று அவனும் நம்பி இவரையும் நம்ப வைத்துவிட்டான்.

"வெளக்கெண்ணெய யாருங்க இதுல ஊத்துனது?" என்று கத்தினேன்.

மோர்ச் சொம்போடு வந்த சரஸ்வதியம்மாள் சாதாரணமாகச் சொன்னார்:

"வேற யாருங்க? இவுங்கதான். அமாவாசைக்கு அமாவாசை வில்வண்டிக்கு எண்ணெ போடுவாங்களே, அது மாதிரியேதானுங்க. அன்னிக்கு மாடும் பூட்டறதில்ல, காரும் எடுக்கறதில்ல. டிரைவருக்கும் லீவு. இந்த ஊட்டுல மூத்தவங்க கைதான் வண்டிக்கு எண்ணெ போடோணும்னு எங்க மாமனார் காலத்துல இருந்து பழக்கமுங்க."

தை அமாவாசை. மாசி அமாவாசை. பங்குனி அமாவாசை. மூன்று தடவை நின்றதும் அமாவாசை கழிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோதான். அச்சாணியில் விட்டுப் பழகிய கை, பானெட்டைத் திறந்ததும் மேலாக, கைக்கு எட்டுகிற இடத்தில், நடுவில் இடைவெளியோடு ஒரு சக்கரம் தெரிந்ததும் அங்கேயே விட்டிருக்கிறது.

பண்ணாடி நம்பவில்லை. "நான் போட்ட எண்ணெ நல்ல எண்ணெயப்பா. ஊட்டுலயே ஆட்டினது. அது எப்படிக் கெடுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலையும் அந்த இடுக்கில் விட்டார். பெல்ட்டு தேய்ந்த கரியோடு சேர்ந்து கறுப்பாக எண்ணெய் விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தார். கையைத் துடைக்கவும் மறந்து நாற்காலிக்குத் திரும்பினார்.

எனக்கு அதற்கு மேல் அடங்கவில்லை. "நல்ல எண்ணெதானுங்க. இனி அமாவாசைக்கு அதையக் கொண்டுபோயி உங்க தலையில வெச்சுக்குங்க, சூடாவது தணியும்! நீங்க பண்ணுனதுக்கு ஒருத்தனைத் திருடனாக்கிப் போட்டீங்களே, நாப்பது பேருக்கு முன்னால அவன் பெட்டியக் கொட்டிப் பாத்தீங்களே, அவன் பொண்டாட்டி போட்டோவுக்கு அடியிலயா கேஸ் இருந்துச்சு?"

சரஸ்வதியம்மாள் என்னைத் தடுக்கவில்லை. கருப்புசாமி தவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

கோபம் கோபமாக இருக்கட்டும், கை வேலையை விடாது. பெட்ரோலில் தட்டையும் பெல்ட்டையும் துடைத்துக் காயவிட்டு இன்ஜினை மறுபடி ஓட்டினேன். தட்டு கப்பென்று பிடித்தது. கேஸ் போகிற குழாயில் கண்ணாடி வைத்த ஓட்டை ஒன்று இருக்கும். அதில் ஒரு குமிழிகூட இல்லை. கேஸ் பூரணம். "வாங்கம்மா, உக்காந்து பாத்துச் சொல்லுங்க" என்று சரஸ்வதியம்மாளைக் கூப்பிட்டேன். மார்கழியிலிருந்து அந்த வீட்டில் நிற்கிற காரில் அந்த அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தார். முகத்தைக் காற்றில் காட்டிவிட்டு, "சில்லுன்னுதானுங்க இருக்குது" என்று சொல்லிச் சட்டென்று இறங்கிவிட்டார்.

பண்ணாடி தொண்டையைக் கனைத்தார். "செரி உடப்பா. தெரியாம நடந்துபோச்சு. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு அவனை."

அவ்வளவுதான். தொலைந்த ஆடு கிடைத்துவிட்ட மாதிரி பேசுகிறார். போய்ச் சூசையப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எண்ணெய்ச் சங்கதியைக் கேட்டதும் அவன், "அந்த வாடை எனக்கும் வந்துச்சு அண்ணாச்சி. ஐயா தலையில தேச்சிருக்காகன்னு நெனச்சு வாயத் தொறக்கலை" என்றான். மரியாதை பார்த்து மூடிய வாய்க்குக் கிடைத்த பரிசு.

"வேலைக்கு வேண்டாங்கய்யா. சர்டிபிகேட்டு மட்டும் எழுதிக் குடுங்க" என்றான் பண்ணாடியிடம்.

"எழுதித் தர்றேன். பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போ."

பெட்டி கார் கொட்டகை ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வாசலிலிருந்து யாரோ தூக்கிவந்து போட்டதோடு சரி, ஐந்தாறு நாளாக யாரும் தொடவில்லை. அள்ளிப் போட்ட துணி அப்படியே மேலே குவிந்து, அதன் மேல் ரப்பர் செருப்பு. சூசையப்பன் அதைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"நான் தொறக்கலைங்கய்யா. தொறந்தவுக மூடித் தரணும்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பண்ணாடி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சரஸ்வதியம்மாள் ஓடிவந்து குனிந்தார்.

"நீங்க வேண்டாந் தாயி" என்றான் சூசையப்பன். "நீங்க தொறக்கலை."

அந்த அம்மா நிமிர்ந்து புருசனைப் பார்த்தார். "போங்க" என்றார். ஒரே ஒரு சொல்.

ஐம்பது ஏக்கர் பண்ணாடி கொட்டகைத் தரையில் குந்தினார். துணி மடிக்கிறது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி மடித்தார். போட்டோவைத் துடைத்து வைத்தார். ஜெபமாலையை எங்கே வைப்பது என்று கேட்டார். சூசையப்பன் சொன்னான். செருப்பை ஓரமாக வைத்து மூடியைச் சாத்தி, கொண்டியை மாட்டிவிட்டு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ச் சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒழுக்கமுள்ளவன், நம்பிக்கையானவன், தன் விருப்பத்தின் பேரில் விலகுகிறான் என்று இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலும் வரவில்லை, காகிதத்திலும் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. பெட்டியைத் திறந்தபோது நாற்பது பேர். மூடியபோது கருப்புசாமியும் ஒரு எருமையும்.

திங்கட்கிழமை மத்தியானம் சூசையப்பன் ஐஸ் பேக்டரிக்கு வந்தான். வேலை கிடைத்துவிட்டது, புதன்கிழமையிலிருந்து லாரி. எனக்கு இருந்த சந்தோசத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அப்போதுதான் சட்டையைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட வெள்ளைச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே கறுப்பாக இரண்டு விரல் அச்சு. விளக்கெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

"அட கிறுக்கா! வேலை கேக்கப் போறவன் இப்படியா போவே? சோப்புப் போட்டு ஒரு கும்மு கும்மறதுக்கென்ன?"

"தொவைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான். "பெட்டியத் தொறந்தத நாப்பது பேரு பாத்தாக. அந்தக் கதை எனக்கு முன்னால ஏலப்பாறைக்குப் போயிருக்கும். மூடுனதுக்கு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. எம் பொண்டாட்டிகிட்டக் காட்டணும்."